காகித எருமையை நிற்க வைக்க மதுரைக்குப் போனேன்

வேலை மெனக்கெட்டு ஒரு காகித எருமைக்காகக் கடல் தாண்டி மதுரைக்கு வந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொந்தக்காரர் கல்யாணம் இல்லை, மீனாட்சிக்கு நேர்த்திக்கடன் இல்லை. பினாங்கில் பள்ளிக்கூட டீச்சர் நான், வயது நாற்பத்தாறு. பதினாறு வருடமாகக் காகிதம் மடிக்கிறேன். கத்தரிக்காமல், ஒட்டாமல், ஒரே சதுரக் காகிதத்தை மடித்துக் கொக்கும் தவளையும் செய்கிறார்களே ஜப்பான்காரர்கள், ஓரிகாமி என்று, அதுதான்.

என் மடிப்பில் யாரும் குறை கண்டதில்லை. கண்டவர் எங்கள் மடிப்புச் சங்கத்தின் செயலாளர் நல்லதம்பி ஒருவர்தான். உறுப்பினர்கள் சொந்தமாக உருவாக்கிய உருவங்களைப் புத்தகமாகப் போடுவதென்று சங்கத்தில் முடிவானபோது, என் எருமையைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் புத்தகம், டீச்சர்?" என்றார். நான் எதைக் கொண்டுபோனாலும் அந்த மனிதர் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்.

"சொந்தம்" என்றேன்.

"எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற காளை மாதிரி இருக்கிறதே. கறுப்புக் காகிதத்தில் மடித்தால் எருமை ஆகிவிடுமா?"

முதுகைக் காட்டினேன். புத்தகக் காளைக்கு முதுகு பிளந்திருக்கும். வைத்த கொஞ்ச நேரத்தில் கால்கள் அகன்று சரிந்துவிடும். என் எருமைக்கு முதுகின் ஒரு விளிம்பு மற்ற விளிம்பின் மேல் ஏறி, மடங்கி, உள்ளே செருகிக்கொள்ளும். கச்சிதமாக நிற்கும். பூட்டு என்று அதற்கு நானே பெயர் வைத்திருந்தேன். கால், கொம்பு, வால் எல்லாம் காளையிடம் வாங்கியதுதான், அதை எனக்குள் ஒப்புக்கொள்கிறேன். பூட்டு மட்டும் என்னுடையது.

நல்லதம்பி விதியைச் சொன்னார். அந்த உருவத்தைப் பார்த்தே இராத வெளியூர் ஆள் ஒருவர், என் வரைபடத்தை மட்டும் பார்த்து, தன் ஊர்க் காகிதத்தில் மடிக்க வேண்டும். நான் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. எருமை நின்றால் புத்தகத்தில் எனக்கு ஒரு பக்கம். விழுந்தால் சாகிறவரைக்கும் நான் "நன்றாக மடிக்கிற டீச்சர்". உருவாக்குகிறவர்களின் வரிசை வேறு.

மதுரை கோச்சடையில் கோமதி இருந்தாள். கணக்கு டீச்சர். ஒரு பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் கிடைத்தவள். நான்கு வருடமாகக் கடிதத்தில் மடிப்புப் படங்கள் மாற்றிக்கொண்டோம். சொந்தமாகப் பதினொரு உருவங்கள் செய்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாள். பதினொன்று! ஜப்பான் காகிதத்தைக் கண்ணால் கண்டிராத கோச்சடைக்காரிக்குப் பதினொன்று, எனக்கு அரைகுறையாக ஒன்று. வயிறு எரிந்தது. படத்தைத் தபாலில் அனுப்பினால் போதும்தான். ஆனால் அவள் எப்படிச் செய்கிறாள் என்று நேரில் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது. பள்ளி விடுமுறைக்குக் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள். ரயில் நிலையத்து வாசலில் ஒரு ரிக்‌ஷாக்காரர் என் பெட்டியை நான் கேட்காமலே தூக்கிக்கொண்டார். "கோச்சடைக்கா? அம்புட்டுத் தூரமா? ஏறுங்கம்மா, போவோம்" என்றவர், இரண்டு தெரு தாண்டியதும் டீ குடிக்கப் போய்விட்டார். நான் நடுத்தெருவில் பெட்டியோடு கொலுப்பொம்மையாக உட்கார்ந்திருந்தேன். வழியில் வைகையைக் காட்டச் சொன்னேன். "நீங்க பாத்துக்கிட்டு இருக்கறதுதாம்மா வைகை" என்றார். மணல்வெளியில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன, நான்கு கழுதைகள் நின்றிருந்தன. எங்கள் ஊர்ச் சாக்கடையில் இதைவிடத் தண்ணீர் ஓடும் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "ஆமா, அங்க மழை ஜாஸ்தில்ல" என்றார்.

கோமதியின் வீட்டுக்காரர் ராமலிங்கம் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வாசலிலேயே, "வாங்க மதினி, வாங்க!" என்றார். முன்பின் பார்த்திராத மனிதருக்கு ஒரு நிமிடத்தில் நான் மதினியாகிவிட்டேன். இட்லிக்கு நான்கு சட்னி வைத்தார்கள். ஒன்றை உருப்படியாகச் செய்யத் தெரியாதவர்கள்தான் நான்கு செய்வார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு ஒன்பது இட்லி சாப்பிட்டேன். சாயங்காலம் பருத்திப்பால் என்று ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பருத்தி விதையை மனிதர்கள் குடிக்கிற ஊர் இது. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினேன், கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

கோமதி தன் பதினொன்றையும் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து வைத்தாள். எல்லாம் பழைய விடைத்தாள்களில் மடித்தவை! வாத்தின் நெஞ்சில் சிவப்பு மையில் ஒரு முட்டை மார்க். ஓணானின் முதுகில் "நிறுவுக" என்று பாதிக் கேள்வி. "இந்தக் குப்பையிலா மடிக்கிறாய்?" என்று கேட்டே விட்டேன்.

"நெறைய கெடைக்குதுக்கா. தப்பாப் போனாத் தூரப் போட மனசு வருது" என்றாள். அவள் வாத்தைப் போல ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலையில் பரீட்சை. என் எருமையைப் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு, வரைபடத்தை மட்டும் கொடுத்தேன். அன்றைக்கென்று கோமதி டவுனில் ஒரு பைண்டிங் கடையில் நல்ல கறுப்புத் தாள் வெட்டி வாங்கி வைத்திருந்தாள். இருபத்துநான்கு படிகள். அவள் விரல் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. கடைசி மடிப்பை அழுத்தி மேசை மேல் வைத்தாள். எருமை ஒரு கணம் நின்றது. பிறகு முதுகு மெல்லப் பிளந்து, நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போய், வயிறு மேசையில் பட்டது.

ராமலிங்கம் குனிந்து பார்த்தார். "எருமை படுத்துக்கிருச்சு, மதினி" என்றார். "இந்த வெயிலுக்கு அது என்ன செய்யும் பாவம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே மடித்திருப்பேன். பெட்டியைத் திறந்து, பினாங்கில் மடித்த என் எருமையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது சிலை போல நின்றது. "பார், நிற்கிறதா இல்லையா? உன் மடிப்பில்தான் கோளாறு" என்றேன். கோமதி மறுபடி மடித்தாள், படுத்தது. நானே அவள் தாளில் மடித்தேன். என் கையால் மடித்ததும் படுத்துக்கொண்டது! அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, கோளாறு மதுரைக் காகிதத்தில். ஆறு இல்லாத ஊரில் காகிதம் மட்டும் ஒழுங்காக இருக்குமா?

கோமதி படுத்த எருமையைப் பிரித்துத் தாளாக விரித்தாள். அவள் வேலை செய்யும் முறை அதுதான் என்று அப்போது தெரிந்தது. செய்து முடித்ததைப் பிரிப்பாள். மளிகைப் பொட்டலமோ பூப்பொட்டலமோ எது வீட்டுக்கு வந்தாலும் பிரித்து, கோடுகளைப் பார்த்து, எந்த இடம் எதுவாக ஆனது என்று பென்சிலால் எழுதுவாள். சும்மா கிடக்கும் காகிதம் எங்கே என்று பார்த்து, அதிலிருந்து புதிதாக ஒன்றை இழுப்பாள். நானோ பதினாறு வருடமாக மடித்ததை எல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியவள். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

தாளில் அங்கங்கே கால், கால், வால், கொம்பு என்று எழுதிக்கொண்டே வந்தவள் முதுகில் நிறுத்தினாள். "அக்கா, இந்தப் பூட்டுக்குக் காகிதம் எங்கருந்து வருது?"

"எங்கிருந்து வரும், தாளிலிருந்துதான்."

"மொத மடிப்புலயே மூலைக்கு மூலை சேத்துர்றோம். ரெண்டு விளிம்பும் ஒண்ணுபோல வந்துருது. அப்பறம் மேல ஏறிச் செருகுறதுக்கு மிச்சம் ஏது?"

"என் தாளில் மிச்சம் இருக்கிறது. உங்கள் பைண்டிங் கடைக்காரனுக்குச் சதுரம் வெட்டத் தெரியவில்லை" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, கணக்கில் சைபர் வாங்கிய பெண்ணைப் பார்க்கிற பார்வை.

மூன்றாம் நாள். அந்தக் கடைக்கே போய் ஒரு கை பார்த்துவிடுவதென்று, மீதமிருந்த என் பினாங்குத் தாள்களை எடுத்துக்கொண்டு கோமதியோடு டவுன் பஸ் ஏறினேன். மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. ஆள் நுழைய இடமில்லாமல் கணக்குப் புத்தகங்கள், நடுவில் பெரிய வெட்டும் மெஷின், பசை நாற்றம். காதர் என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும், அட்டைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் வெட்டிய தாளையும் என் தாளையும் அவர் முன்னால் போட்டேன்.

"இது என்ன லட்சணத்தில் வெட்டியிருக்கிறீர்கள்? உங்கள் தாளில் என் மடிப்பு நிற்கவில்லை. சதுரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றேன். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் வேடிக்கை பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

காதர் கையைத் துடைத்துக்கொண்டு மூலைமட்டத்தை எடுத்தார். முதலில் தன் தாளில் வைத்தார், பிறகு அளந்தார். நாலு பக்கமும் ஒன்று. அடுத்து என் தாளில் வைத்தார். மறுபடி அளந்தார். திருப்பிப் போட்டு அளந்தார்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீங்க. உங்க தாளுதான் ஒரு நூல் நீளமா இருக்கு" என்றார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "இங்கிட்டு மூலையும் லேசா ஓடுது. எங்க வெட்டுனீங்க?"

எங்கே வெட்டினேன்! என் பள்ளிக்கூடத்து வெட்டுப் பலகையில், பதினாறு வருடமாக, என் கையால் வெட்டினேன். அந்தப் பலகையின் ஓரக்கட்டை எப்போதோ நகர்ந்திருக்கிறது. மூலையோடு மூலை சேர்க்கும்போது ஓரத்தில் துளி எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தாளை எப்போதும் ஒரே பக்கமாக வைத்து, அந்தத் துளியை உள்பக்கம் தள்ளிவிடப் பழகியிருந்தேன். பழகிப் பழகி, அப்படித் தள்ளுகிறேன் என்பதே மறந்துபோயிற்று. என் பூட்டு, நான் உருவாக்கிய ஒரே பூட்டு, அந்தத் துளியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சந்திலிருந்து வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. கோமதி ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாள். பாலில் பாசியைப் போட்டு, மேலே ஐஸ்கிரீமையும் போட்டு, எதற்கு இந்தக் கண்றாவி என்று திட்டிக்கொண்டே குடித்தேன். நல்லதம்பி சொன்னதுதான் சரி. நான் கொண்டுவந்தது கறுப்புக் காகிதத்தில் மடித்த காளை, அதுவும் கோணல் காளை. அடுத்த நாளே கிளம்புகிறேன் என்றேன். "நாளைக்குச் சோழவந்தானுக்கு வாரோம்னு இவுக அக்காட்டச் சொல்லியாச்சு. போயிட்டு வந்து கெளம்புங்க" என்றாள்.

நான்காம் நாள் சோழவந்தான் போவதற்குள் உயிர் போய்விட்டது. சமயநல்லூரில் பஸ்ஸுக்கு டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். மாற்று டயரைக் கழற்றினால் அதிலும் காற்று இல்லை. எங்கள் ஊராக இருந்தால் கூட்டம் கொதித்திருக்கும். இங்கே ஆளாளுக்கு வடை வாங்கப் போய்விட்டார்கள். டிரைவர் முதல் ஆளாக வடைக்கடையில் நின்றார். "அண்ணே, ஸ்டெப்னியப் பாக்க வேணாமா கெளம்பும்போது?" என்று ஒருவர் கேட்க, "நேத்துப் பாத்தேன் மாப்ள, இருந்துச்சு" என்றார் அவர். டயர் இருந்ததா, காற்று இருந்ததா என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ரோட்டோரக் குட்டையில் ஏழெட்டு எருமைகள் கிடந்தன. வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் பார்த்த பிறகுதான் உறைத்தது, எருமையின் கொம்பு மேலே நிமிர்ந்து நிற்பதில்லை. பின்னால் சாய்ந்து கழுத்துப் பக்கம் போகிறது. என் எருமைக்கு இரண்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். எருமை மடிக்கப் புறப்பட்டவள் ஒரு எருமையையாவது நின்று பார்த்தேனா? அட கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் தன்னைச் சொல்வதாக நினைத்து நகர்ந்து போனாள்.

சோழவந்தானில் ராமலிங்கத்தின் அக்கா பேச்சியம்மாள் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் குளுகுளு என்றிருந்தது. மதுரை ஜில்லாவில் எனக்குப் பிடித்த ஒரே இடம் என்று எழுதிக்கொள்ளலாம். அவர் வெற்றிலைக் கொடிகளை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கோரையால் கட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கட்டும் தொளதொள என்று தொங்கியது. என் வாய் சும்மா இருக்குமா? "இறுக்கிக் கட்டக் கூடாதா? ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள்" என்றேன்.

பேச்சியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இறுக்குனாக் கொடி எங்கிட்டுப் போகும்? வெரல் நுழையுறாப்ல விட்டுத்தான் கட்டணும். தானா எளகுனா அது ஒழுங்கீனம். நானா விட்டா அது கணக்கு."

நான் கோமதியைப் பார்த்தேன். கோமதி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "மொத மடிப்பு" என்றோம்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தோம். ஐந்தாம் நாள் முழுக்கவும் அதே வேலை. காதர் வெட்டிய சுத்தமான சதுரம்; மூலையோடு மூலையைச் சேர்க்காமல், வேண்டுமென்றே ஒரு நூல் விட்டு முதல் மடிப்பை மடித்தேன். விளிம்பில் மிச்சம் வந்தது. பூட்டு விழுந்தது. ஆனால் கொம்பு இன்னும் காளைக்கொம்பு. நான் மடித்த எருமையை என் கையாலேயே பிரித்தேன். என் வாழ்க்கையில் முதல்முறை. கழுத்துக்குள் சும்மா சுருண்டு கிடந்த காகிதத்தைக் கண்டுபிடித்து, அதைப் பின்னால் இழுத்துக் கொம்பாக்கினேன். விடைத்தாள் விடைத்தாளாகத் தப்பாய்ப் போயிற்று, தூரப் போட மனசும் வந்தது. இருபத்துநான்கு படி முப்பத்தொன்றாக ஆனது. கோமதி அளவு மட்டும் சரிபார்த்தாள். ஒரு மடிப்பையும் தன் கையால் போட்டுத் தரவில்லை. அதற்காகவே அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

புது வரைபடம் தயார். யார் மடிப்பது? கோமதியும் ராமலிங்கமும் எருமையைப் பார்த்தாயிற்று. பார்க்காத ஆள் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஆறாம் நாள் காலையில் வாயை அடக்கிக்கொண்டு காதர் கடைப்படி ஏறினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்கக்கா. எதுத்த கடைக்காரரு தெனமும் வையுறாரு" என்றார். விஷயத்தைச் சொன்னதும் வரைபடத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் தாளைத் தானே வெட்டி எடுத்துக்கொண்டார்.

முதல் மடிப்பு. அவருடைய கை மூலையோடு மூலையைக் கச்சிதமாகச் சேர்த்து, நகத்தால் அழுத்தப் போயிற்று. எத்தனை வருடத் தொழில்! வாய் திறக்கக் கூடாது என்பது விதி. கோமதி என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். காதர் அழுத்தவில்லை. வரைபடத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி படித்தார். "மூலையைச் சேர்க்க வேண்டாம். ஒரு நூல் விடவும். ... இது தெரிஞ்சேதான் எழுதுனீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டு தாளை ஒரு நூல் நகர்த்தினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார். முடித்ததும் மெஷின் பலகை மேல் வைத்தார். கொம்பு கழுத்தோடு சாய்ந்திருந்தது. எருமை நின்றது. வெட்டும் மெஷினை ஒருமுறை ஓட்டிக் காட்டினார். பலகை அதிர்ந்தது, எருமை நின்றது. "எருமைல்ல இது!" என்றார் காதர். யாரும் சொல்லாமலே அது எருமை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாசி வீதியின் அத்தனை தூசிக்கும் நடுவில் நின்று நான் அழுதேன், இந்த முறை ஜிகர்தண்டா நான் வாங்கிக் கொடுத்தேன்.

ரயிலேற்ற வந்த ராமலிங்கம், "அடுத்த தடவ நாலு நாள் சேத்து இருக்கணும், மதினி" என்றார். இந்த வெயிலிலா என்றேன். மதினி என்று கூப்பிட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பினாங்குக்குத் திரும்பிய அன்றே காதர் மடித்த எருமையையும் வரைபடத்தையும் நல்லதம்பியின் மேசையில் வைத்தேன். அவர் எருமையைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை எடுத்தார். முதல் வரியிலேயே முகம் மலர்ந்துவிட்டது.

"முதல் மடிப்பே பிழையாக இருக்கிறதே, டீச்சர். மூலை சேரவில்லை. பார்த்து எழுதும்போது புத்தகத்தில் இருந்த பிழையையும் சேர்த்து எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. எந்தப் புத்தகம்?"

"தேடிப் பாருங்கள், நல்லதம்பி" என்றேன். "அந்தப் பிழை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அதைச் செய்ய எனக்குப் பதினாறு வருடம் பிடித்தது."